வளரும் பிள்ளைக்கு ஹெட்கியர்: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

எத்துப்பல்லைச் சரிசெய்ய, வாய்க்கு வெளியிலிருந்து இழுக்கும் ஹெட்கியர் என்ற கருவியைப் பிள்ளைக்குப் போட வேண்டும் என்று பல் சீரமைப்பு மருத்துவர் சொன்னதும், பெரும்பாலான பெற்றோரின் மனத்தில் முதலில் எழுவது தோற்றம் பற்றிய கவலைதான். முகத்துக்கு முன்னால் ஒரு கம்பி, கழுத்தையோ தலையையோ சுற்றி ஒரு பட்டை, அதோடு பிள்ளை எப்படித் தூங்கும், யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றே மனம் ஓடுகிறது. அந்தக் கவலை இயல்பானது. ஆனால் இந்தச் சிகிச்சையின் வெற்றியைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: கருவி ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வாயில் இருக்கிறது என்பது ஒன்று, அதைப் போடும்போதும் கழற்றும்போதும் சரியான வரிசை பின்பற்றப்படுகிறதா என்பது மற்றொன்று. இரண்டும் வீட்டில்தான் நடக்கின்றன. ஆகவே இந்தக் கட்டுரை மருத்துவமனையில் நடப்பதைச் சுருக்கமாகவும், வீட்டில் நடக்க வேண்டியதை விரிவாகவும் சொல்கிறது.

இந்தக் கருவி என்ன செய்கிறது

மேல்வரிசைப் பற்கள் கீழ்வரிசையை விட அளவுக்கு மீறி முன்னால் நிற்பதை எத்துப்பல் என்று பொதுவாகச் சொல்கிறோம். அது பல்லின் சாய்வால் மட்டும் வந்திருக்கலாம். தாடை எலும்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் வளர்வதாலும் வந்திருக்கலாம். 1899-ல் எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், மேல் கீழ் முதல் கடைவாய்ப்பற்கள் எப்படிப் பொருந்துகின்றன என்பதை வைத்துக் கடிப்புக் கோளாறுகளை மூன்று வகைகளாகப் பிரித்தார். அந்தப் பிரிவு இன்றும் வழக்கில் இருக்கிறது. கீழ்க்கடைவாய்ப்பல் இருக்க வேண்டிய இடத்துக்குப் பின்னால் நிற்பது இரண்டாம் வகை. ஹெட்கியர் பெரும்பாலும் இந்த வகைக்குத்தான் பரிந்துரைக்கப்படுகிறது.

ஹெட்கியர் மேல்தாடையைப் பின்னுக்கு இழுத்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். முதன்மையாக அது செய்வது அதுவன்று. வளரும் வயதில் மேல்தாடை, மண்டையோட்டு எலும்புகளோடு சேரும் இணைப்புக் கோடுகளில் புதிய எலும்பு உருவாவதால் முன்னும் கீழுமாக நகர்கிறது. கடைவாய்ப்பற்களின் வழியாகப் பின்னோக்கிய அழுத்தம் தொடர்ந்து கொடுக்கப்படும்போது அந்த முன்னோக்கிய வளர்ச்சி மட்டுப்படுகிறது. அதே காலத்தில் கீழ்த்தாடை தன் போக்கில் முன்னோக்கி வளர்ந்து இடைவெளியைக் குறைக்கிறது. இதோடு மேல்கடைவாய்ப்பற்களும் ஓரளவு பின்னுக்கு நகர்கின்றன, அல்லது முன்னுக்கு நகராமல் தடுக்கப்படுகின்றன. வளர்ச்சி முடிந்துவிட்ட ஒருவருக்கு இந்தக் கருவியால் பல்லை நகர்த்த முடியும், தாடையின் வளர்ச்சியை மாற்ற முடியாது என்பதற்குக் காரணம் இதுவே.

ஆகவே காலம் முக்கியம். உயரம் வேகமாகக் கூடும் பருவம் பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 10 முதல் 12 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்குச் சுமார் இரண்டு ஆண்டுகள் கழித்தும் வருகிறது. ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை இது வேறுபடுவதால், மருத்துவர் வயதை மட்டும் பார்ப்பதில்லை. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கழுத்து எலும்புகளின் வடிவத்தையோ கை எலும்புகளின் எக்ஸ்ரேயையோ பார்த்து வளர்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கணிக்கிறார். கடந்த ஓராண்டில் பிள்ளை எவ்வளவு உயர்ந்தது, செருப்பு அளவு எத்தனை முறை மாறியது என்பதைக் குறித்துக்கொண்டு போனால் அந்தக் கணிப்புக்கு உதவும்.

ஒப்புக்கொள்வதற்கு முன்

முதல் படி கேள்வி கேட்பது. இந்தச் சிகிச்சையை ஏன் இப்போதே தொடங்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். 7 முதல் 11 வயதுக்குள் ஒரு கட்டமாகவும் பின்னர் மறு கட்டமாகவும் சிகிச்சை பெற்ற பிள்ளைகளையும், விடலைப் பருவத்தில் ஒரே கட்டமாகச் சிகிச்சை பெற்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் இறுதிக் கடிப்பில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. முன்கூட்டியே தொடங்குவதால் கிடைத்த தெளிவான நன்மை, துருத்திய முன்பற்கள் அடிபட்டு உடைவது குறைந்தது என்பதுதான். ஓடி விளையாடும், அடிக்கடி விழும் பிள்ளைக்கு இதுவே போதிய காரணமாக இருக்கலாம். துருத்திய பற்களால் பள்ளியில் கேலிக்கு ஆளாகி ஒடுங்கிப்போகும் பிள்ளைக்கும் அப்படியே. அவ்வாறான காரணம் இல்லாத இடத்தில், ஓரிரு ஆண்டுகள் காத்திருந்து வளர்ச்சி வேகமெடுக்கும்போது தொடங்குவது சரியான முடிவாக இருக்கலாம்.

இரண்டாவதாக, மாற்று வழிகளைக் கேளுங்கள். கீழ்த்தாடையை முன்னால் நிறுத்திப் பழக்கும், ட்வின் பிளாக் போன்ற கருவிகள் உள்ளன. கடைவாய்ப்பல் முன்னால் நகராமல் தடுப்பது மட்டுமே நோக்கம் என்றால், எலும்பில் பொருத்தும் சிறு திருகாணிகள் இப்போது பல இடங்களில் ஹெட்கியரின் வேலையைச் செய்கின்றன. இரண்டாம் வகைக் கடிப்புள்ள பிள்ளைகளில் பலருக்கு மேல்தாடை முன்னால் இருப்பதை விடக் கீழ்த்தாடை பின்தங்கியிருப்பதே சிக்கல் என்பதால், எந்தத் தாடையில் குறை என்று மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்க வேண்டும். பல் அச்சு, நிழற்படங்கள், முழு வாய் எக்ஸ்ரே, பக்கவாட்டு எக்ஸ்ரே ஆகியவை எடுக்கப்படாமல் ஹெட்கியர் பரிந்துரைக்கப்பட்டால், இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெறுவது நல்லது.

மூன்றாவது கேள்வியைப் பிள்ளையிடம் கேட்க வேண்டும். ஒவ்வொரு மாலையும் இதைப் போட்டுக்கொள்ளப் போவது அந்தப் பிள்ளைதான். விருப்பமே இல்லாத பிள்ளைக்குப் பெற்றோரின் வற்புறுத்தலால் தொடங்கப்பட்ட ஹெட்கியர் மேசை இழுப்பறையில் முடிவதையே மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

கருவியின் பகுதிகளும் வகைகளும்

மேல்தாடையின் இரு பக்க முதல் கடைவாய்ப்பற்களிலும் பேண்ட் எனப்படும் உலோக வளையங்கள் ஒட்டப்படுகின்றன. அவற்றின் கன்னப் பக்கத்தில் சிறு குழாய்கள் உண்டு. ஒரு தடித்த கம்பி வில்லின் உட்பகுதி அந்தக் குழாய்களுக்குள் செருகப்படுகிறது. வெளிப்பகுதி உதடுகளுக்கிடையே வெளியே வந்து கன்னங்களின் ஓரமாக வளைந்து நிற்கிறது. அதன் இரு முனைகளிலும் ஸ்பிரிங் அல்லது எலாஸ்டிக் கொண்ட பட்டை மாட்டப்படுகிறது.

பட்டை கழுத்தின் பின்புறம் சுற்றினால் இழுவை சற்றுக் கீழ்நோக்கிப் போகும். கடைவாய்ப்பல் சிறிது கீழே இறங்கும். மேல்பற்கள் கீழ்ப்பற்களை ஆழமாக மூடும் கடிப்புள்ள, முகத்தின் கீழ்ப்பகுதி குட்டையான பிள்ளைக்கு இது பொருந்தும். முகம் நீண்ட, முன்பற்கள் ஒன்றையொன்று தொடாத பிள்ளைக்குக் கடைவாய்ப்பல் இறங்கினால் நிலைமை மோசமாகும் என்பதால், தலையின் மேற்பகுதியிலிருந்து இழுக்கும் தொப்பிப் பட்டை தரப்படுகிறது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதும் உண்டு. உறவினர் வீட்டுப் பிள்ளைக்குக் கழுத்துப் பட்டை மட்டும்தானே கொடுத்தார்கள் என்று ஒப்பிட்டுக் குழம்ப வேண்டியதில்லை.

மேல்தாடை பின்தங்கி, கீழ்ப்பற்கள் முன்னால் கடிக்கும் மூன்றாம் வகைக்கு எதிர்த்திசையில் இழுக்கும் முகமூடிக் கருவி தனியாக உண்டு. அது நெற்றியிலும் மோவாயிலும் தாங்கி நின்று மேல்தாடையை முன்னுக்கு இழுக்கிறது. அதை 8 முதல் 10 வயதுக்குள் தொடங்கினால் பலன் கூடுதல் என்பதால், கீழ்ப்பற்கள் முன்னால் கடிக்கும் பிள்ளையைச் சீக்கிரமே காட்ட வேண்டும். நேரக் கணக்கு, தூய்மை ஆகியவற்றில் கீழே சொல்லப்படும் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும்.

பொருத்தும் நாள்

வளையம் நுழைய இடம் வேண்டும் என்பதற்காகச் சில நாள்களுக்கு முன் கடைவாய்ப்பற்களுக்கிடையே சிறு ரப்பர் வளையங்கள் வைக்கப்படும். பல்லிடுக்கில் உணவு சிக்கியது போன்ற உறுத்தல் இரண்டொரு நாள் இருக்கும். ரப்பர் விழுந்துவிட்டால் மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். அதன்பின் வளையங்களை அளவு பார்த்து ஒட்டுவார்கள். கம்பி வில்லை வளைத்துச் சரிசெய்வார்கள். உள்வில் முன்பற்களைத் தொடாமல் சற்று விலகியும், வெளிவில் கன்னத்தில் அழுந்தாமலும் இருக்க வேண்டும்.

அன்று வீடு திரும்புவதற்கு முன், பிள்ளை தானாக மூன்று முறையாவது கருவியைப் போட்டுக் கழற்றிக் காட்ட வேண்டும். பிறகு உடன்வந்தவரும் ஒரு முறை செய்து பார்க்க வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிடாதீர்கள். எந்தத் துளையில் பட்டையை மாட்ட வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பட்டை அளவுக்கு மீறி இழுக்கப்பட்டால் தானாக விடுபடும் அமைப்பும், வில் குழாயிலிருந்து தானாகக் கழன்றுவிடாதபடி பூட்டிக்கொள்ளும் அமைப்பும் இருக்கின்றனவா என்று கேட்டு, அவை செயல்படுவதைக் கண்ணால் பாருங்கள்.

போடும் வரிசையும் கழற்றும் வரிசையும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால், இதைப் படியுங்கள்.

போடும்போது முதலில் வில், பிறகு பட்டை. கைகளைக் கழுவிவிட்டு, வெளிச்சமுள்ள இடத்தில் கண்ணாடிக்கு முன் நின்று, உள்வில்லின் ஒரு முனையைக் கடைவாய்ப்பல்லின் குழாய்க்குள், அதற்கு மேல் போகாமல் தடுக்கும் இடம் வரை செலுத்த வேண்டும். பிறகு மறுமுனையை அதேபோலச் செலுத்திப் பூட்டு விழுந்ததா என்று மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். அதன்பின் பட்டையைக் கழுத்திலோ தலையிலோ வைத்து, ஒரு கையால் வில்லை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஒரு பக்கத்தை மாட்ட வேண்டும். பிடியை விடாமல் கை மாற்றி அடுத்த பக்கத்தை மாட்ட வேண்டும். முடிவில் வில்லின் நடுப்பகுதி உதடுகளின் நடுவே நிற்கிறதா, உதடுகள் மெல்ல மூடுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கழற்றும்போது இதற்கு நேர்மாறு: முதலில் பட்டை, பிறகு வில். ஒரு கையால் வில்லைப் பிடித்துக்கொண்டு இரு பக்கப் பட்டைகளையும் விடுவித்து, பட்டையைத் தலையிலிருந்து முழுவதும் எடுத்துக் கீழே வைத்த பிறகே வில்லின் பூட்டைத் திறந்து நேராக வெளியே எடுக்க வேண்டும்.

இந்த வரிசை ஏன் இவ்வளவு வலியுறுத்தப்படுகிறது? பட்டை மாட்டியிருக்கும்போது வில்லை முன்னால் இழுத்தால், அது கவண் வில்லைப் போல இழுபட்டு நிற்கிறது. கை நழுவினால் வில்லின் உள்முனைகள் முகத்தை நோக்கித் திரும்பிப் பாயும். அந்த முனைகள் கண்ணில் பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பார்வை இழந்தவர்களும் உண்டு. காயம் ஊசி குத்தியது போல் சிறிதாகத் தெரியலாம். ஆனால் வாயிலுள்ள கிருமிகள் அந்த முனையோடு கண்ணுக்குள் போய்விடுவதால், கடும் தொற்று உண்டாகிக் கண் கெடலாம். ஆகவே கண்ணில் கம்பி பட்டது என்று ஐயம் எழுந்தாலே, வலி இல்லாவிட்டாலும் உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். வாயில் இருந்த கம்பி பட்டது என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

இதிலிருந்து வேறு சில விதிகளும் கிளைக்கின்றன. கருவியோடு ஓடுவது, பந்து விளையாடுவது, சைக்கிள் ஓட்டுவது, தலையணைச் சண்டை போடுவது எதுவும் கூடாது. தம்பி தங்கையரும் நண்பர்களும் அதைத் தொட்டு இழுக்கக் கூடாது என்பதை முதல் நாளே எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். காலையில் எழும்போது வில் வாயிலிருந்து வெளியே கிடந்தால், அதை மறுநாள் மீண்டும் போட்டுப் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே அணிவதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குத் தெரிவித்து, கருவியைச் சரிசெய்த பிறகே தொடருங்கள். உறக்கத்தில் தானாகக் கழன்ற வில்லும் கண்ணுக்கு ஆபத்தானதே.

மணிக்கணக்கு

மருத்துவர் வழக்கமாகச் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம். இதைக் கேட்டதும் இரவு முழுவதும் போட்டால் போதும் என்று தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள்: இரவு 9 மணிக்குப் போட்டுக் காலை 6 மணிக்குக் கழற்றினால் 9 மணி நேரம்தான் ஆகிறது. மீதியை மாலையிலிருந்து எடுக்க வேண்டும். இரவு உணவை மாலை 6 மணிக்குள் முடித்து, பல் துலக்கிவிட்டு, 6.30 மணிக்குக் கருவியைப் போட்டு, படிப்பது, வீட்டுப்பாடம், கதை கேட்பது எல்லாவற்றையும் அதோடு செய்தால் காலை 6.30-க்கு 12 மணி நேரம் நிறைவடையும். வீட்டின் உணவு நேரத்தையே மாற்ற வேண்டியிருக்கும் என்பதால்தான் இது பிள்ளையின் சிகிச்சை மட்டுமல்ல, குடும்பத்தின் ஏற்பாடு என்று சொல்கிறேன்.

மாலையும் இரவும் தேர்ந்தெடுக்கப்படுவதற்குப் பள்ளி நேரத்தைத் தவிர்ப்பது மட்டும் காரணமன்று. வளர்ச்சி ஹார்மோன் பெருமளவில் ஆழ்ந்த உறக்கத்தின்போது சுரக்கிறது. எலும்பு வளரும் நேரத்தில் அழுத்தமும் இருப்பது பொருத்தமானது.

தொடக்கத்திலேயே 12 மணி நேரத்துக்குப் போக வேண்டாம். மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், முதல் இரண்டு மூன்று நாள்கள் மாலையில் இரண்டு மணி நேரம், பிறகு உறங்கும் வரை, பிறகு உறக்கத்திலும் என்று ஒரு வாரம் பத்து நாள்களில் முழு நேரத்துக்கு வரலாம். இழுவையும் அப்படித்தான், முதலில் மென்மையாகத் தொடங்கி, தாடை வளர்ச்சியைக் கட்டுப்படுத்த ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 250 முதல் 500 கிராம் வரை மருத்துவர் கூட்டுகிறார். தவறிய நாள்களை ஈடுகட்ட வீட்டிலேயே பட்டையை அடுத்த துளைக்கு இறுக்குவது மிகவும் தவறு. இழுவை கூடினால் பல் நோகுமே தவிர, இழந்த மணிகள் திரும்பி வருவதில்லை.

வாரத்தில் நான்கு நாள் போட்டு மூன்று நாள் விடுவதும் பலன் தராது. விட்டுவிட்டுப் போடும் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் பல் புதிதாக நோகிறது. அந்த நோவே அடுத்த நாளும் போடாமலிருக்கக் காரணமாகிறது. நாள்தோறும் போடும் பிள்ளைக்கோ சில நாள்களில் நோவு அடங்கிவிடுகிறது. ஒரு தாளில் நாளும் நேரமும் கட்டம் போட்டுப் பிள்ளையையே குறிக்கச் சொல்லுங்கள். போடாத நாளுக்குப் போட்டதாக எழுதினால் கடிந்துகொள்ள வேண்டாம். மருத்துவருக்கு எப்படியும் தெரிந்துவிடும். ஒழுங்காக அணியப்படும் கருவியின் பட்டை பயன்பாட்டால் நைந்திருக்கும், பிள்ளை கண்ணாடி பாராமலேயே போட்டுவிடும், கடைவாய்ப்பல் மிகச் சிறிதளவு அசையும். புத்தம் புதிதாகப் பளபளக்கும் பட்டையைப் பார்த்தே மருத்துவர் புரிந்துகொள்வார்.

நோவு, உணவு, தூய்மை

முதல் மூன்று நான்கு நாள்கள் கடைவாய்ப்பற்கள் கடிக்கும்போது நோகும். மென்மையான உணவு கொடுங்கள். தேவையானால் பிள்ளையின் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். கருவி வாயில் இருக்கும்போது எதையும் உண்ணக் கூடாது, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். ஒட்டும் மிட்டாய், கடினமான கொட்டைகள் ஆகியவை வளையத்தைப் பெயர்த்துவிடும் என்பதால் சிகிச்சைக் காலம் முழுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

வளையத்தின் ஓரத்தில் படியும் உணவு பல்லைச் சொத்தையாக்கும். ஃபுளூரைடு பற்பசையால் காலையும், மாலையில் கருவி போடுவதற்கு முன்பும், கடைவாய்ப்பல்லின் ஈறோரத்தில் தூரிகை படும்படி துலக்க வேண்டும். பிள்ளை துலக்கிய பின் பெரியவர் ஒருவர் விளக்கடித்துப் பார்ப்பது பயனுள்ளது. வில்லைக் கழற்றியதும் தண்ணீரில் தூரிகையால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, பெட்டியில் வையுங்கள். துணிப் பட்டையை வாரம் ஒருமுறை, ஸ்பிரிங் பகுதியை நீக்கிவிட்டு, வெதுவெதுப்பான சோப்பு நீரில் கையால் கழுவி நிழலில் உலர்த்தலாம்.

எப்போது மருத்துவரை அழைக்க வேண்டும்

வளையம் தளர்ந்து ஆடினால், வில் வளைந்துவிட்டால், பூட்டு விழாவிட்டால், அணிவதை நிறுத்திவிட்டு அழையுங்கள். கம்பியை வீட்டிலுள்ள குறடால் நிமிர்த்த முயல வேண்டாம். கழுத்திலோ கன்னத்திலோ அரிப்பும் சிவப்பும் தோன்றினால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். தோடு, கைக்கடிகாரம் போன்றவற்றால் முன்பே பிள்ளைக்கு அரிப்பு வந்திருந்தால் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கும் நோவு, கன்னத்தின் உட்புறப் புண், கடைவாய்ப்பல் வெளிப்படையாக ஆடுவது ஆகியவற்றையும் அடுத்த சந்திப்பு வரை தள்ளிப்போடக் கூடாது.

சந்திப்புகள் வழக்கமாக 4 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை இருக்கும். கருவியையும் பட்டையையும் நேரத்தாளையும் ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்லுங்கள்.

எவ்வளவு காலம்

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஓராண்டைச் சுற்றி, கூடக் குறைய ஆறு மாதம் ஆகலாம். முதல் சில மாதங்களில் கண்ணாடியில் எந்த மாற்றமும் தெரியாதபோது பிள்ளை சோர்ந்துவிடும். தொடக்கத்தில் எடுத்த பல் அச்சையும் நிழற்படத்தையும் மருத்துவரிடம் கேட்டுப் பெற்று, நான்காம் ஐந்தாம் மாதத்தில் கடைவாய்ப்பற்களின் பொருத்தத்தை அவற்றோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். முன்பற்களை விட அங்கேதான் மாற்றம் முதலில் தெரியும். பிறர் வீட்டில் இரவு தங்க நேரும் நாள்களைப் பற்றியும் பிள்ளையோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். மாதத்தில் ஓரிரவு தவறினால் சிகிச்சை கெட்டுவிடாது. ஆனால் எந்த இரவு என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

கடிப்பு சரியானதும் மருத்துவர் உடனடியாக நிறுத்தாமல், சிறிது காலம் உறக்க நேரத்தில் மட்டும் அணியச் சொல்லலாம். வளர்ச்சி இன்னும் மீதமிருக்கும் பிள்ளைக்குப் பழைய போக்கு ஓரளவு திரும்ப வாய்ப்புண்டு என்பதே காரணம். நிலைப்பற்கள் எல்லாம் முளைத்த பின் பற்களை வரிசைப்படுத்தும் கிளிப் சிகிச்சை பெரும்பாலும் தொடரும். அதற்குக் கடைவாய்ப்பல் வளையங்களையே பயன்படுத்தக்கூடும் என்பதால் அவை அப்போதே எடுக்கப்படாமல் இருக்கலாம். இதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஹெட்கியரோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பி ஓராண்டு ஒத்துழைத்த பிள்ளைக்கு, முடிவில் இன்னொரு சிகிச்சை காத்திருக்கிறது என்று தெரியவருவது மிகுந்த ஏமாற்றத்தைத் தரும். மருத்துவர் நிறுத்தலாம் என்று சொன்ன பிறகும், அடுத்த பரிசோதனை முடியும் வரை வில்லையும் பட்டையையும் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருங்கள்.